தாத்தாவுக்கு நான் கொடுத்த காபி

"அன்னைக்கு சர்வைவல் அனாலிசிஸ் கிளாஸ்ல ஏன் பாதியில எழுந்து போனே?" என்று கிளாஸ் நண்பர்கள் இரண்டு பேர் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தலைவலி என்று சொல்லியிருந்தேன். அது பொய். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன் என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாமல் இங்கே வந்திருப்பவர்களுக்கு: நான் எம்.எஸ்ஸி. புள்ளியியல் மாணவி. மருத்துவம் படிக்கவில்லை. ஆகவே இதை டாக்டரின் ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பேத்தி தன் தாத்தாவைப் பற்றி எழுதுவது என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

அன்றைக்கு வகுப்பில் சார் போர்டில் ஒரு படிக்கட்டு வரைந்தார். கப்லான், மையர் என்ற இருவர் 1958-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த முறை அது. நோயாளிகள் எல்லோரும் முதல் நாள் மேலே நூறு சதவீதத்தில் நிற்பார்கள். ஒருவர் இறந்தால் கோடு ஒரு படி இறங்கும். யாரும் இறக்காத நாட்களில் நேராகப் போகும். சார் எடுத்துக்கொண்ட உதாரணம் பக்கவாத நோயாளிகள், இரண்டு வார்டுகள். எல்லாம் கற்பனைக் கணக்குதான். ஒரு கோடு மெதுவாக இறங்கியது, இன்னொன்று சடசடவென்று இறங்கியது. "பாருங்க, பதினோராவது நாள்ல இங்க ஒரு படி" என்று சொல்லி சாக்பீஸால் தட்டினார்.

என் தாத்தா இறந்தது பதினோராவது நாள்.

2019 மே, ஒரு சனிக்கிழமை

தாத்தா அரசு பஸ்ஸில் 31 வருடம் கண்டக்டராக இருந்தவர். ரிட்டயர் ஆன பிறகும் குரல் இறங்கவே இல்லை. தெருமுனையில் நின்று "ரைட்" என்றால் எங்கள் வீட்டு அடுப்படி வரை கேட்கும். பி.பி. உண்டு. மாத்திரையும் உண்டு. ஆனால் "தலை சுத்துனா போட்டுக்குவேன்" என்பது அவர் கொள்கை. (உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார், எனக்குத் தெரியும்.)

நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு முடித்திருந்தேன், கோடை விடுமுறை. காலை ஆறே கால் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தாவின் கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்தது. "காலங்காத்தால என்ன கவனம்?" என்று அப்பாயி திட்டிக்கொண்டே துணி எடுத்து வந்தார். தாத்தா பதில் சொல்லவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை தொங்கியது. ஏதோ சொல்ல வருகிறார், ஒரு சத்தம்தான் வந்தது, சொல் வரவில்லை.

"வாதம் அடிச்சிருச்சு" என்று எதிர்வீட்டுக்காரர்தான் முதலில் சொன்னார். அதன் பிறகு நடந்ததெல்லாம் இப்போது நினைத்தால் எனக்கே நம்ப முடியவில்லை. கை காலில் புறா ரத்தம் தேய்த்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்ல, சித்தப்பா டி.வி.எஸ். 50-ஐ எடுத்துக்கொண்டு புறா தேடிப் போனார். அவர் வருவதற்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். புறா கிடைக்கவில்லை. பிறகு பக்கத்து கிளினிக். அங்கே பி.பி. பார்த்து, ஒரு டிரிப்ஸ் ஏற்றி, ஒரு மணி நேரம் கழித்து "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார்கள். 108-ஐக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. தெரிந்தவர் காரை வரச்சொன்னோம். போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இல்லை. அங்கிருந்து இன்னொன்று. சி.டி. ஸ்கேன் எடுத்து முடிக்கும்போது மதியம் ஒன்று நாற்பது.

டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. கட்டியைக் கரைக்கிற ஊசி ஒண்ணு இருக்கு. ஆனா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். நீங்க வந்தது ஏழு மணி நேரத்துக்கு மேல."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த ஏழு மணி நேரம் எவ்வளவு பெரியது என்பது பின்னால்தான் புரிந்தது. பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-ல் கணக்குப் போட்டார். புறாவுக்காகக் காத்திருந்த முக்கால் மணி நேரத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், எனக்கு மனசில்லை.

"சீக்கிரம் கொண்டு போங்க" என்பதை எல்லோரும் எழுதிவிட்டார்கள், போஸ்டரும் ஒட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குள் போய்ச் சேர்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. தாத்தா ஆஸ்பத்திரிக்குள் உயிரோடுதான் போனார். இடது கையால் என் கையை அழுத்திப் பிடித்தார். என்னை அடையாளம் தெரிந்தது. பத்து நாள் முழுசாக உள்ளே இருந்தார்.

வார்டு

சனிக்கிழமை ராத்திரி பொது வார்டில் படுக்க வைத்தார்கள். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்ததால் எண்ணிப் பார்த்தேன்: 28 கட்டில், இரண்டு சிஸ்டர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர்தான் இருந்தார்.

அப்பா பணம் புரட்ட ஊருக்குப் போயிருந்தார். அப்பாயி தரையில் பாய் விரித்துத் தூங்கிவிட்டார். நான் பிளாஸ்டிக் ஸ்டூலில். தாத்தா கண் விழித்து இடது கையை வாயருகே கொண்டுபோய்க் காட்டினார். தாகம். சிஸ்டரிடம் கேட்கலாம் என்று எழுந்தேன். அவர் கடைசிக் கட்டிலில் வலிப்பு வந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த அம்மா, "ஸ்பூன்ல கொஞ்சங் கொஞ்சமா குடும்மா, ஒண்ணும் ஆகாது" என்றார்.

தண்ணீருக்குப் பதில் காபி கொடுத்தால் தாத்தா சந்தோஷப்படுவாரே என்று எனக்கு ஒரு யோசனை. முந்தைய நாள் குடிக்காமல் கொட்டிய காபி ஆயிற்றே! கேன்டீனில் வாங்கி, ஆற்றி, மல்லாக்கப் படுத்திருந்தவருக்கு ஸ்பூனில் ஊட்டினேன். நாலு ஸ்பூன் போனது. ஐந்தாவதில் இருமினார். வாயோரம் வழிந்ததைத் துடைத்தேன். கோணல் வாயோடு சிரித்தார். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை ராத்திரி காய்ச்சல். செவ்வாய்க்கிழமை மூச்சில் கரகரவென்று சத்தம். நிமோனியா என்றார்கள். மருந்து, ஆக்சிஜன், பிறகு ஐ.சி.யூ. பதினோராவது நாள் முடிந்துவிட்டது.

எழவுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "வாதம் வந்தா அவ்வளவுதான், என்ன பண்றது." எனக்கும் அதுதான் ஆறுதலாக இருந்தது. நாலரை வருடம் அதை அப்படியே நம்பினேன்.

அத்தைக்கு வந்தபோது

2024 ஜனவரியில் அத்தைக்கு (அப்பாவின் அக்கா) வந்தது. இதுவும் வார இறுதிதான், ஞாயிற்றுக்கிழமை. விடிகாலை ஐந்து மணிக்கு எழும்போதே இடது பக்கம் அசையவில்லை. இந்த முறை யாரும் புறா தேடவில்லை. நேராக ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரி. ஆனாலும் அவருக்கும் அந்த ஊசி போடவில்லை. தூக்கத்தில் வந்ததால் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று தெரியாதே! ஆக ஊசி விஷயத்தில் தாத்தாவும் அத்தையும் ஒன்றுதான்.

கட்டிலுக்குக் கொண்டுவந்த உடனே ஒரு சிஸ்டர் தலைமாட்டில் அட்டை ஒன்றை மாட்டினார். "வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது."

"ஏன் சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"வாதத்துல கை கால் மாதிரியே தொண்டையும் விழுந்துரும்மா. குடிக்கிறது வயித்துக்குப் போகாம நுரையீரலுக்குப் போயிரும். சில பேருக்கு இருமல்கூட வராது, நமக்குத் தெரியவே தெரியாது. சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் குடுக்கணும். மாத்திரைகூட முழுங்கக் குடுத்துராதீங்க."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். நான் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சோதனை எவ்வளவு எளிமையானது தெரியுமா? அத்தையை நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். ஒரு ஸ்பூன் தண்ணீர். முழுங்கச் சொல்லி, இருமல் வருகிறதா என்று பார்த்து, "ஆ" என்று குரல் கொடுக்கச் சொன்னார்கள். குரல் கரகரத்தது. அவ்வளவுதான், ஃபெயில். மூக்கு வழியாக டியூப் போட்டு அதில் சாப்பாடு. மூன்றாம் நாள் மறுபடி சோதனை, பாஸ். முதலில் கெட்டியான கஞ்சி, பிறகுதான் தண்ணீர். நடுவில் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை காய்ச்சல் பார்த்தார்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தார்கள். பிசியோதெரபிஸ்ட் வந்து கையையும் காலையும் அசைக்கச் சொல்லிக் கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் அத்தை வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். திட்டுவதில் ஒரு குறையும் இல்லை. :-)

இரண்டு பேரை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது, எனக்குத் தெரியும். அத்தைக்கு வயது குறைவு. அடைப்பும் சின்னதாக இருந்திருக்கலாம். அதனால்தான் அந்தப் படிக்கட்டு வகுப்புக்குப் பிறகு நிஜமான ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

எண்கள் என்ன சொல்கின்றன

முதலில் அந்த ஊசி. 1995-ல் அமெரிக்காவில் 624 பேரை வைத்து நடந்த சோதனைதான் அதைப் பிரபலமாக்கியது. மூன்று மணி நேரத்துக்குள் போட்டால், மூன்று மாதம் கழித்து ஊனம் இல்லாமலோ மிகக் குறைந்த ஊனத்தோடோ இருக்கும் வாய்ப்பு குறைந்தது 30 சதவீதம் அதிகம். 2008-ல் இன்னொரு சோதனை அந்த நேரத்தை நாலரை மணியாக நீட்டியது. அருமையான மருந்து, சந்தேகமே இல்லை. ஆனால் இறப்பை மட்டும் எடுத்துப் பார்த்தால், 1995 சோதனையில் மூன்று மாதத்தில் ஊசி போட்டவர்களில் 17 சதவீதம் பேரும், போடாதவர்களில் 21 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். நம் பாஷையில் சொன்னால், அந்த வித்தியாசம் 'சிக்னிஃபிகன்ட்' இல்லை. ஊசியின் பெரிய பலன், பிழைத்தவர் எப்படி வாழ்கிறார் என்பதில்தான்.

இப்போது எந்த மருந்தும் புதிதாக இல்லாத ஒரு சோதனை. நார்வேயில் டிரோன்ட்ஹெய்ம் என்ற ஊர். 1991-ல் வெளிவந்தது. பக்கவாதத்தோடு வந்த 220 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். 110 பேர் சாதாரண மெடிக்கல் வார்டுக்குப் போனார்கள். மற்ற 110 பேர் பக்கவாதத்துக்கு என்றே பழகிய டாக்டர், சிஸ்டர், பிசியோதெரபிஸ்ட் எல்லோரும் ஒரு குழுவாக இருக்கும் தனி வார்டுக்குப் போனார்கள். ஆறு வாரத்தில் சாதாரண வார்டில் இறந்தவர்கள் 17.3 சதவீதம். தனி வார்டில் 7.3 சதவீதம். வீடு திரும்பியவர்கள் 32.7-க்கு எதிராக 56.4 சதவீதம்.

முதல் தடவை படித்தபோது நான் அட்டவணையைத் தவறாகப் பார்க்கிறேனோ என்று நினைத்தேன். ஒரே ஊர், ஒரே மாதிரி நோயாளிகள், சீட்டு விழுந்த வார்டு மட்டும்தான் வேறு.

ஒரே ஒரு சின்னச் சோதனையை நம்பக் கூடாது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா? எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும் காக்ரேன் தொகுப்பு ஒன்று 2020-ல் வந்தது. 29 சோதனைகள், 5,902 நோயாளிகள். கூட்டிப் பார்த்தால் பலன் நார்வேயில் வந்த அளவுக்குப் பெரிதாக இல்லை, ஆனால் உறுதியாக இருக்கிறது. இப்படித் தனி வார்டில் பார்க்கப்படும் ஒவ்வொரு நூறு பேருக்கும் கூடுதலாக இரண்டு பேர் பிழைக்கிறார்கள். ஆறு பேர் கூடுதலாக வீட்டில் வாழ்கிறார்கள். ஆறு பேர் கூடுதலாக யார் துணையும் இல்லாமல் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். நூற்றுக்கு இரண்டு என்பது சின்னதாகத் தெரியலாம். ஆனால் இது பெரும்பாலும் எல்லா வகைப் பக்கவாத நோயாளிக்கும் பொருந்தும், எத்தனை மணிக்கு வந்தாலும் பொருந்தும். ஊசிக்கு அப்படி இல்லை.

மூன்றே சாமான்

"தனி வார்டு, தனிக் குழு எல்லாம் பணக்கார நாட்டுக்காரங்க விஷயம்" என்று யாராவது சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு ஆய்வைப் படிக்கும் வரை.

சாண்டி மிடில்டன் என்ற செவிலியர் பேராசிரியர் தலைமையில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 19 பக்கவாத வார்டுகளில் நடந்தது. 2011-ல் வெளிவந்தது. புது மருந்து கிடையாது, புது மெஷின் கிடையாது. சிஸ்டர்களுக்கு மூன்று விஷயத்தில் மட்டும் பயிற்சி கொடுத்து, விடாமல் செய்ய வைத்தார்கள். காய்ச்சல் பார்ப்பது, 37.5 டிகிரி தொட்டாலே பாராசிட்டமால் கொடுப்பது. சர்க்கரை பார்ப்பது, ஏறினால் சிகிச்சை கொடுப்பது. முழுங்க முடிகிறதா என்று 24 மணி நேரத்துக்குள் சோதிப்பது.

ஒரு தெர்மாமீட்டர், ஒரு குளுக்கோமீட்டர், ஒரு டம்ளர் தண்ணீர்!

90 நாள் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறர் தயவில் வாழ்பவர்களுமாகச் சேர்த்து, பயிற்சி இல்லாத வார்டுகளில் 58 சதவீதம். பயிற்சி பெற்ற வார்டுகளில் 42 சதவீதம். 90 நாளில் இறப்பில் மட்டும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அதே நோயாளிகளைச் சுமார் நாலு வருடம் தொடர்ந்து பார்த்து 2017-ல் எழுதினார்கள். பயிற்சி பெற்ற வார்டில் இருந்தவர்களிடம் இறப்பு 20 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. படிக்கட்டுக் கோடுகள் இரண்டும் மெல்ல மெல்ல விலகிக்கொண்டே போயிருக்கின்றன.

முழுங்கும் பிரச்சினை அரிதான ஒன்றும் இல்லை. பக்கவாதம் வந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு ஆரம்ப நாட்களில் அது இருக்கிறது. நன்றாகச் சோதித்தால் இன்னும் அதிகம் பேருக்குத் தெரியவரும். அப்படி இருப்பவர்களுக்கு நிமோனியா வரும் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு. 2005-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு இதைச் சொல்கிறது. எங்கள் தாத்தா அந்தப் பாதியில் ஒருவர்.

28 கட்டிலுக்கு ஒரு சிஸ்டர்

அந்த ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை. காரணம் இன்னொரு ஆய்வு.

இங்கிலாந்தில் 103 பக்கவாத வார்டுகள், 56,666 நோயாளிகள். 2014-ல் வெளிவந்தது. வார இறுதியில் சேர்க்கப்படுபவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். பத்து கட்டிலுக்கு மூன்று செவிலியர் இருந்த இடங்களில் 30 நாள் இறப்பு 11.2 சதவீதம். ஒன்றரைச் செவிலியர் மட்டும் இருந்த இடங்களில் 15.2 சதவீதம். வயது, நோயின் தீவிரம் போன்றவற்றைச் சரிக்கட்டிய பிறகு வந்த கணக்கு இது. சிறப்பு டாக்டர் ஏழு நாளும் ரவுண்ட்ஸ் வந்தாரா, குறைவாக வந்தாரா என்பதில் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. (இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை இல்லை, அவதானிப்பு மட்டும்தான். ஆகவே 'இதனால்தான் அது' என்று அடித்துச் சொல்ல முடியாது. சார் படித்தால் திட்டக் கூடாது அல்லவா, அதனால் சொல்லி வைக்கிறேன்.)

பத்து கட்டிலுக்கு ஒன்றரைப் பேர் என்பதே அங்கே ஆபத்தான குறைவு. எங்கள் வார்டில் 28 கட்டிலுக்கு ஒருவர். அவர் எப்படி என் கையில் இருந்த ஸ்பூனைப் பார்த்திருக்க முடியும்?

ஒரு ஊர் முழுக்கவே இதை மாற்றிக் காட்ட முடியும் என்பதற்கு லண்டன் உதாரணம். 2010-ல் அங்கே ஏறக்குறைய 30 ஆஸ்பத்திரிகளில் சிதறிக் கிடந்த பக்கவாத அவசர சிகிச்சையை, இருபத்துநாலு மணி நேரமும் இயங்கும் 8 மையங்களுக்குக் கொண்டுவந்தார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டி ஆம்புலன்ஸ் நேராக அந்த மையத்துக்குத்தான் போகும். "தூரம் அதிகமாகிவிடுமே" என்று பயந்தவர்கள் உண்டு. 21 மாதத்தில் 168 இறப்புகள் குறைந்தன என்று 2014-ல் கணக்கு வந்தது. அதே காலத்தில் மான்செஸ்டரில் நாலு மணி நேரத்துக்குள் வந்தவர்களை மட்டும் மையத்துக்கு அனுப்பும்படி அரைகுறையாக மாற்றினார்கள். அங்கே இறப்பு அப்படிக் குறையவில்லை.

நம் நாட்டில்? 2013-ல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரை, இந்தியா முழுவதற்கும் இப்படிப்பட்ட தனி வார்டுகள் சுமார் 35 இருப்பதாகவும், அவையும் பெரும்பாலும் நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரிகளில் இருப்பதாகவும் சொன்னது. அதன் பிறகு கூடியிருக்கின்றன. ஆனால் மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் எங்களுக்கு அது எட்டவில்லை.

"ஆள் இல்லாவிட்டால் என்ன, வீட்டுக்காரங்கதான் கூட இருக்கோமே, நாமே பாத்துக்கலாம்" என்று தோன்றும். நம் ஊரில் அதுதான் வழக்கம். அதையும் சோதித்திருக்கிறார்கள். இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகள், 1,250 நோயாளிகள். பாதிப் பேரின் குடும்பத்துக்கு மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்து, வீட்டில் அவர்களையே செய்யச் சொன்னார்கள். 2017-ல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறர் தயவில் இருந்தவர்களும் பயிற்சி கொடுத்த பக்கம் 47 சதவீதம், கொடுக்காத பக்கமும் 47 சதவீதம். பாசம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, பயிற்சியும் கொடுத்தார்கள். அப்படியும் தேர்ந்தவர்களின் இடத்தை எங்களால் நிரப்ப முடியவில்லை. இதைப் படித்தபோது எனக்கு வருத்தமும் வந்தது, ஏதோ ஒரு பாரம் இறங்கியது போலவும் இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன்

சரி, என் காபிதான் தாத்தாவைக் கொன்றதா?

இந்தக் கேள்விக்கு என் படிப்பில் பதில் இல்லை. நூறு பேரைப் பற்றிச் சொல்ல முடியும், ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியாது. தொண்டை விழுந்தவர்களுக்குத் தங்கள் எச்சிலே உள்ளே போய் நிமோனியா வருவதுண்டு. நான் கொடுக்காமல் இருந்தாலும் வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் முதல் தடவையாக இதைச் சொன்னேன். காபி, ஸ்பூன், இருமல் எல்லாம். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"நீ மட்டும் இல்லம்மா. சனிக்கிழமை ராத்திரி நான் அவருக்கு இளநீர் குடுத்தேன். சூடு தணியட்டும்னு. அப்பவும் இருமுனாரு."

எத்தனை வருடம்! ஒரே வீட்டில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு ஸ்பூனை ஒளித்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். எங்களுக்குப் பாசம் குறைவில்லை. "குடுக்காதீங்க" என்ற ஒரு வார்த்தை எங்கள் கட்டில் பக்கம் வரவில்லை. அந்த வார்த்தையைச் சொல்வது அங்கே யாருடைய வேலையாகவும் இல்லை. அத்தையின் கட்டிலில் அது ஒருவருடைய வேலையாக இருந்தது. ஒரு அட்டை, அதை மாட்டுவதற்கு ஒரு ஆள். நல்ல சிகிச்சை என்றால் பெரிய மெஷின் என்றுதான் நாம் நினைக்கிறோம். பல நேரம் அது இந்த அளவுதான்.

உங்கள் வீட்டில் வந்தால்

வரக்கூடாது. வந்தால் இதையெல்லாம் நினைவில் வையுங்கள்.

1. முகம் கோணல், கை தொங்கல், பேச்சுக் குளறல், இந்த மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் உடனே 108. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. சி.டி. ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். நேரம் தாண்டிவிட்டது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பெரிய குழாய் அடைப்பாக இருந்தால், பொருத்தமான சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட கட்டியை இழுத்து எடுக்க முடியும் என்று 2018-ல் வந்த சோதனைகள் காட்டின.

3. சோதித்துப் பார்க்கும் வரை வாயில் எதுவும் வேண்டாம். தண்ணீர், காபி, இளநீர், மாத்திரை, சாமி தீர்த்தம்... எதுவும்.

4. கூச்சப்படாமல் கேளுங்கள்: "முழுங்குற டெஸ்ட் பண்ணியாச்சா சிஸ்டர்? காய்ச்சல் எத்தனை மணிக்கு ஒரு தடவை பார்ப்பீங்க? சர்க்கரை எவ்வளவு இருக்கு? எப்ப புரட்டிப் படுக்க வைக்கணும்?" மரியாதையாகக் கேளுங்கள். அவர்கள் ஒருவராக 28 பேரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

5. வீட்டில் பி.பி. மாத்திரையைத் 'தலை சுத்துனா' போடுபவர் இருந்தால், இன்றைக்கே சண்டை போடுங்கள். மாத்திரை வாங்கப் போக அலுப்பு என்று சாக்குச் சொல்ல முடியாது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பிசியோதெரபியும் உண்டு.

கடைசியாக, கிளாஸ் நண்பர்களுக்கு. அடுத்த வாரம் சார் மறுபடி அந்தப் படிக்கட்டை வரைவார். இந்த முறை எழுந்து போக மாட்டேன். ஒவ்வொரு படியிலும் ஒருவர் நிற்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். பதினோராவது நாளில் நிற்பவர் காக்கிச் சட்டை போட்டிருப்பார், தோளில் தோல் பை தொங்கும்.

உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிக்கு இன்றைக்கு ஒரு போன் போடுங்கள். மாத்திரை போட்டாச்சா என்று கேளுங்கள். நான் விசாரித்ததாகவும் சொல்லுங்கள்.